சுனில் அய்யாவின் பஸ்ஸும் என் ஜெர்மன் பாடமும்

1

சென்ற வருடம் இதே வாரத்தில்தான் நான் பரீட்சையில் தோற்றேன். நாற்பத்தாறு வயதில் தோற்பதற்கென்று ஒரு தனி வெட்கம் இருக்கிறது. சின்ன வயதில் தோற்றால் அப்பா திட்டுவார், அம்மா அழுவார், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். இந்த வயதில் தோற்றால் பள்ளிக்கூடம் போகிற மகள் தோளில் தட்டி, "பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்று ஜெர்மன் மொழியில் ஆறுதல் சொல்கிறாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். நிவித்திகலவுக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். இரத்தினபுரிக்கும் கலவானவுக்கும் இடையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் சில வருடங்கள் கண்டக்டராக இருந்தேன். பிறகு கொழும்பில் ஹோட்டல் வேலை. அங்கே ஒரு மாதா கோயில் திருவிழாவில் ஜெனிற்றாவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே ஜெர்மனிக்கு அகதியாக வந்து வளர்ந்தவள், அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணமும் தோட்டமும் பொருந்தாது என்று அவளுடைய வீட்டாரும் என்னுடைய வீட்டாரும் சரிசமமாக முகம் சுளிக்க நாங்கள் கட்டிக்கொண்டோம். நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

வந்ததிலிருந்து ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். முதுகு போய்விட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "பஸ்ஸில் வேலை செய்திருக்கிறீர்களே, பஸ் சாரதிக்குப் படியுங்கள், ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்" என்றாள். கண்டக்டர் வேறு, சாரதி வேறு என்று அவளுக்கு விளங்கவைக்க எனக்கு மொழி போதவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். எல்லாம் அந்தத் தலையாட்டலில் வந்த வினை.

பெயரிலேயே முதல் சிக்கல். என் பிறப்புச் சான்றிதழில் பெருமாள் அந்தோனி மரியதாஸ் என்று சிங்களத்தில் எழுதியிருக்கிறது. பெருமாள் என் தாத்தா, அந்தோனி என் அப்பா, மரியதாஸ் நான். இதில் எது குடும்பப் பெயர் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்கும் என்றார்கள். மொழிபெயர்ப்புக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கீகாரம் போதாது, வேறு ஆளிடம் போ என்றார்கள். மூன்று மாதம் அலைந்த பிறகு அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற என்னை இந்த நாட்டு அரசாங்கம் இன்று 'ஹெர் பெருமாள்', அதாவது திருவாளர் பெருமாள், என்று கூப்பிடுகிறது.

2

பஸ் படிப்பு என்றால் ஸ்டியரிங் பிடிப்பது என்று நினைத்திருந்தேன். அது கடைசியில். முதலில் புத்தகம். காற்று பிரேக் எப்படி வேலை செய்கிறது, டயர் எவ்வளவு தேயும்வரை ஓடலாம், சக்கர நாற்காலியில் வருபவரை எப்படி ஏற்றுவது, சாரதி எவ்வளவு நேரம் ஓடிவிட்டு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்லாம் ஜெர்மனில். இந்த மொழியில் நாலைந்து சொற்களைப் பிடித்து கூட்ஸ் ரயில் போலக் கொளுவிவிடுவார்கள். கடைசிப் பெட்டியை வாசித்து முடிக்கும்போது எஞ்சின் என்னவென்று மறந்துபோயிருக்கும்.

ஓய்வு நேரப் பாடம் நடந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாலரை மணி நேரம் ஓடினால் முக்கால் மணி நேரம் ஓய வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்கள் பஸ்ஸின் சாரதி சுனில் அய்யா விடியலில் ஏறினால் இருட்டும்வரை இறங்கமாட்டார். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். கலவான ஸ்டாண்டில் ஒரு பிளேன்டீ குடிப்பார், அதுதான் அவருடைய ஓய்வு. ஏன் சிரிக்கிறேன் என்று ஆசிரியர் ஹெர் பெக்கர் கேட்டார். சொல்லி விளங்கவைக்க முடியாது என்பதால் இருமிவிட்டேன்.

இன்னொரு நாள் என்னை எழுப்பி, "பாதையில் ஒரு சைக்கிள்காரர் விழுந்து கிடக்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். வேகத்தைக் குறைப்பேன், கண்ணாடியைப் பார்ப்பேன், பிறகு அவரை 'உம்ஃபாரன்' செய்வேன் என்றேன். வகுப்பே திடுக்கிட்டுத் திரும்பியது. அந்தச் சொல்லின் நடுவில் அழுத்திச் சொன்னால் 'சுற்றிக்கொண்டு போவது'. தொடக்கத்தில் அழுத்தினால் 'இடித்து வீழ்த்துவது'. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். நான் தொடக்கத்தில் அழுத்தியிருக்கிறேன். சைக்கிள்காரருடைய உயிர் என் நாக்கில் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"ஹெர் பெருமாள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு இடிப்பது நல்ல பழக்கம்தான்" என்றார் ஹெர் பெக்கர்.

பிறகு எழுத்துப் பரீட்சை வந்தது. பாதிக் கேள்விகளை நான் வாசித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தோல்வி. அடுத்த முறையும் தோற்றால் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று அலுவலகம் அறிவித்தது. அப்புறம் களஞ்சியம்தான். அந்த முதுகோடு அங்கே திரும்பிப் போக முடியாது என்று எனக்கும் தெரியும், ஜெனிற்றாவுக்கும் தெரியும். அவள் விடியப்புறம் எழுந்து பேக்கரி வேலைக்குப் போகிறவள். ஒரு ஆளுடைய சம்பளத்தில் இந்த ஊரில் மூன்று பேர் இருக்க முடியாது. இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

3

தோற்றவர்களை எல்லாம் ஒன்றாக உட்காரவைத்து, படிப்பு அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு இளம் பெண் வகுப்பு எடுத்தாள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பாட்டுத் தொகுப்புச் செய்துகொள்ள வேண்டும், சொற்கள் இல்லாத இசை நல்லது, தண்ணீர் ஓடுகிற சத்தம் மிக நல்லது என்றாள். ஒரு உதாரணமும் போட்டுக் காட்டினாள். பியானோ, பின்னால் ஆறு ஓடுகிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நான் கண்ணைத் திறந்துகொண்டேன். இரத்தினபுரிப் பக்கத்து ஆளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பாடமா ஏறும்? களுகங்கை வெள்ளம் எதுவரை வந்துவிட்டது, அரிசி மூட்டையை எங்கே தூக்கி வைப்பது என்றுதான் புத்தி ஓடும். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மகள் மெலனியிடம் கேட்டேன். அவள் காதில் எதையோ செருகிக்கொண்டுதான் எந்நேரமும் படிக்கிறாள்.

"அப்பா, உங்களுக்கு எந்த இடத்தில இருந்தால் மூளை நல்லா வேலை செய்யும்? அந்த இடத்துச் சத்தத்தைப் போடுங்கோ" என்றாள். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அந்தப் பாதித் தமிழும் யாழ்ப்பாணத் தமிழ். இங்கேயுள்ள தமிழ்ப் பள்ளியில் 'நாங்க போறோம்' என்று ஒருமுறை சொல்லி, அது இந்தியத் தமிழ் என்று திருத்தப்பட்டவள். அன்றிலிருந்து என்னையும் திருத்துகிறாள்.

ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. என் மூளை நன்றாக வேலை செய்தது பஸ்ஸில்தான். யார் எங்கே ஏறினார், யாருக்கு மிச்சம் கொடுக்க வேண்டும், யார் எந்தத் தோட்டத்துச் சந்தியில் இறங்குவார் என்று அத்தனையும் தலையில் வைத்திருப்பேன். சுனில் அய்யாவின் கசெட் காது கிழியப் பாடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் கணக்குத் தப்பும்.

பாட்டைத் தேடப்போனால் ஒன்றுக்கும் முதல் வரி தெரியவில்லை. நிவித்திகல ஏற்றத்தில் வருகிற துள்ளலான பைலா, மாணிக்கக் குழிகள் தெரிகிற வயல் பக்கத்தில் வருகிற பெண் குரல் என்று எனக்குப் பாட்டு எல்லாம் இடத்தோடுதான் ஞாபகம். அதைச் சொன்னால் போன் எப்படிக் கண்டுபிடிக்கும்? மெலனி பொறுமை இழந்து எழுந்து போய்விட்டாள். தோட்டத்தில் இருக்கும் என் அக்கா பிலோமினாவுக்கு எடுத்து, சுனில் அய்யாவின் நம்பரைத் தேடித் தரச் சொன்னேன்.

"என்னாடா தம்பி, புள்ள படிக்கிற காலத்துல நீ படிக்கிற. அதுக்கு பாட்டு வேறயா?" என்றாள். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து யார் யாரையோ விசாரித்து நம்பரை அனுப்பினாள்.

சுனில் அய்யா வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு கலவானவுக்கு அருகில் வீட்டோடு இருக்கிறார். என் குரலைக் கேட்டதும், "மல்லி, நீ செத்துப்போயிட்டதா சொன்னாங்களே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தம்பி என்பதற்கான அந்த மல்லியை நாலைந்து தடவை சொன்னார். பழைய கசெட்டுகளை அவர் வீசவில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிந்து ஒவ்வொன்றாக அனுப்பினார். ஒன்றில் நாய் குரைக்கிறது. ஒன்றில் அவருடைய மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறார்.

எல்லாம் சிங்களப் பாட்டு, ஒரு கசெட்டைத் தவிர. சம்பள நாளில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஏறி, "ஏப்பா கண்டக்டரு, நாங்களும் டிக்கட் எடுத்துத்தானே வாறோம், ஒரு தமிழ்ப் பாட்டு போடச் சொல்லுங்க" என்று நச்சரித்ததில், சுனில் அய்யா ஒரு தமிழ்க் கசெட் வாங்கினார். ஒரு சொல்லும் விளங்காமல் கூடவே பாடுவார். பெண்கள் பஸ் குலுங்கச் சிரிப்பார்கள். அதையும் அனுப்பியிருந்தார்.

அன்று சமையலறை மேசையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பாடவிட்டு, காற்று பிரேக் பாடத்தைத் திறந்தேன். முதல் முறையாக ஒரு பக்கம் முழுவதும் தலையில் ஏறியது.

4

இரண்டு வாரம் நன்றாகப் போனது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஜெனிற்றா வேலை முடிந்து வந்தாள். நான் புத்தகத்தோடு இருந்தேன். ஒரு ஆண் குரல் மெதுவாகப் பாடத் தொடங்கியிருந்தது. அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"இதை நிப்பாட்டுங்கோ."

"சத்தமா இருக்கா? கொறைக்கிறேன்."

"குறைக்க வேண்டாம், நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். எனக்கு எரிச்சல். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலையும் இல்லை, ஒரு பாட்டும் கேட்க முடியாது, என் தமிழும் பிழை, என் சிங்களமும் பிழை என்று பொரிந்துவிட்டேன். அவள் பையோடு கதிரையில் உட்கார்ந்தாள். பேக்கரியில் பாண் வெட்டிக்கொண்டு பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"எனக்குப் பதினொரு வயசு. ஆமிக்காரரின்ர சென்றியில எல்லாரையும் பஸ்ஸால இறக்கினவங்கள். அண்ணாவைத் தனிய வரச் சொல்லி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அங்க ரேடியோவில இந்தப் பாட்டுத்தான் தொடங்கினது. பிறகு எனக்கு ஒண்டும் கேக்கேல்ல."

"அண்ணாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டேன். அவளுடைய அண்ணா மூன்று மணி நேரத் தூரத்தில் வேறொரு நகரத்தில் இருக்கிறார். வருடா வருடம் கிறிஸ்மஸுக்குச் சந்திக்கிறோம். இந்தக் கதையை அவரும் சொன்னதில்லை.

"ஒண்டும் இல்ல. பின்னேரம் விட்டிட்டாங்கள். ஒண்டும் நடக்கேல்ல. ஆனா எனக்கு இந்தப் பாட்டு வேண்டாம்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதே பாட்டை அதே வருடங்களில் நான் நிவித்திகலவில் பள்ளிக்கூட பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அது எனக்கு வெறும் பாட்டு. சுனில் அய்யாவுக்கும் வெறும் பாட்டு. பாடினவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவளுக்கு அது அப்படி இல்லை. நான் என்ன செய்ய?

அன்றிரவே அந்தப் பாட்டைத் தொகுப்பிலிருந்தும் போனிலிருந்தும் அழித்தேன். அவளிடம் சொல்லவில்லை. மற்றவற்றையும் அவள் இருக்கும்போது கேட்க மனம் வரவில்லை. ஹெட்போன் போட்டால் பாட்டு தலைக்குள் கேட்கிறது, பஸ் இல்லை. அதனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனேன். குடியிருப்புக்குப் பொதுவான துணி துவைக்கும் அறை அங்கேதான் இருக்கிறது. யாருடைய மெஷினாவது ஓடிக்கொண்டிருக்கும். அந்த உறுமலுக்கு மேல் பைலாவைப் போட்டால், கண்ணை மூடினால் நிவித்திகல ஏற்றம்தான்.

அங்கேயும் விட்டார்களா? ஒவ்வொரு வீட்டுக்கும் துவைக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுடையது புதன். செவ்வாய்க்கிழமை ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று மேல்மாடிக் கிழவர் கேட்டார். நான் துவைக்கவில்லை, படிக்கிறேன் என்றேன். துவைக்கும் அறையில் படிக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்வதாகப் போனார். இன்றுவரை சொல்லவில்லை.

5

இரண்டாவது பரீட்சையன்று போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்கள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. முதல் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். எழுத்து எழுத்தாக நகர்ந்தது, ஒன்றும் சேரவில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு நானே தலைக்குள் பஸ்ஸை எடுத்தேன். இரத்தினபுரி ஸ்டாண்ட். பைலா. ஏற்றம். பாட்டுகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றோடும் நான் படித்த பக்கமும் வந்தது. டயருக்கு அந்தப் பெண் குரல். ஓய்வு நேரத்துக்கு, சுனில் அய்யா பிழையாகப் பாடிய தமிழ்ப் பாட்டு. ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி. நான் அழித்த பாட்டோடு படித்தது, சறுக்கும் பாதையில் பிரேக் பிடிக்கும் பக்கம். அந்தக் கேள்விக்குக் குத்துமதிப்பாக எழுதினேன்.

மயிரிழையில் பாஸ். மெலனியிடம் சொன்னேன். காதில் செருகியதை எடுக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஜெனிற்றா, "நல்லது, இனி அந்த நிலவறையில இருந்து சளி பிடிக்காது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

ஓட்டிக் காட்டும் பரீட்சையும் முடிந்து வேலை கிடைத்தது. முதல் நாளே மேலாளர் விதிகளைச் சொன்னார். சாரதி ஓட்டும்போது பாட்டுப் போடக்கூடாது. பயணிகள் எல்லோரும் காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஏறுகிறார்கள், ஆளுக்கொரு பாட்டு. பஸ்ஸில் பாட்டில்லாமல் போகிறவன் நான் ஒருவன்தான். இதைச் சொன்னபோது சுனில் அய்யா, "அப்ப அங்க பிரயாணிகள் சண்டை பிடிக்கிறதுக்கு என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

6

இதை எழுதத் தூண்டியது போன ஞாயிற்றுக்கிழமை. ஜெனிற்றாவின் அண்ணாவுடைய பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். மெலனி தோழி வீட்டுக்கு என்று நழுவிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் காரில் புறப்பட்டோம். காரை ஜெனிற்றாதான் ஓட்டுவாள். பஸ் சாரதியை நம்பிக் காரைத் தரமுடியாதாம்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் என் போன் தானாகக் காரோடு இணைந்து பைலா தொடங்கியது. நான் பதறிக் கையை நீட்டினேன்.

"விடுங்கோ. ஓடேக்க குறுக்க கையை நீட்டாதேங்கோ" என்றாள்.

ஒன்று முடிந்தது, இன்னொன்று வந்தது. நாலைந்து பாட்டுக்குப் பிறகு அவள் கேட்டாள்.

"அது எங்க?"

"எது?"

"தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ. அந்தச் சென்றிப் பாட்டு."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீதானே சொன்ன."

"நான் நிப்பாட்டச் சொன்னனான். எடுக்கச் சொன்னனானோ?"

கிட்டத்தட்ட ஒரு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். பரீட்சையில் ஒரு கேள்வி போனது. இப்போது குற்றவாளியும் நான். வாயைத் திறந்தால் ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேரமாட்டோம் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எப்பிடி முடியுது எண்டு எனக்குத் தெரியாது," என்றாள். "தொடக்கம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருசமா தொடக்கம் மட்டும்தான் கேக்குது."

ஒரு ஓய்விடம் வந்தது. அவள் காரைத் திருப்பி நிறுத்தினாள். நான் சுனில் அய்யாவுக்கு எடுத்தேன். போனின் சத்தம் காருக்குள் கேட்டது. அந்தப் பாட்டை மறுபடி அனுப்ப முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து நான் இவ்வளவு சிங்களம் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கசெட் இந்த மழையோட போச்சு மல்லி. பூஞ்சணம். அவசரமா?"

ஜெனிற்றாவைப் பார்த்தேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"அவசரந்தான் அய்யே," என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார். நல்ல குரல் இல்லை. இடையில் மூச்சு வாங்கியது. நான் அடுத்தடுத்து மெதுவாகத் தமிழில் சொன்னேன். ஒருவன் தன் எருமையைக் காணாமல் ஆற்றங்கரையெல்லாம் தேடிப் போகிறான். படகுக்காரனிடம் கேட்கிறான். துணி துவைக்கிறவர்களிடம் கேட்கிறான். அதன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும் என்கிறான். யாரும் பார்க்கவில்லை.

"மாட்டைப் பற்றின பாட்டோ?" என்றாள் ஜெனிற்றா.

"மாட்டப் பத்தினதுதான்."

கடைசி வரியை இரண்டு தடவை பாடிவிட்டு சுனில் அய்யா நிறுத்தினார். பக்கத்தில் யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். உடனே தனக்குத் தெரிந்த பஸ் தமிழில், "தங்கச்சி, சாப்பாடு சாப்டாச்சா?" என்றார்.

"ஓம், சாப்பிட்டிட்டன்" என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

போனை வைத்தேன். அவள் முன் கண்ணாடி வழியே லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடு கிடைச்சுதோ?"

"இல்ல. முடியிறப்பவும் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்."

"பிறகென்னத்துக்கு இவ்வளவு நேரம் பாடினவர்" என்று சொல்லிவிட்டு, கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினாள். காரை உடனே எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி முடிந்து, எல்லோரும் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அண்ணா கோட்டுப் போட்டு, பேரப்பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி எங்களை நோக்கி வந்தார்.

"ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள்?"

ஜெனிற்றா அவருடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"ரோட்டில ட்ராஃபிக், அண்ணா" என்றாள்.